பன்னிரண்டு பித்தளைக் கூடுகள்

லூயிஸ்டவுன், மொன்டானா
21 நவம்பர் 1988

துப்பாக்கிப் பட்டறை நடத்தும் ஆர்டிஸ் ஸ்கார் அம்மையாருக்கு,

அக்கா என்று எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். இனிமேல் 'நீங்கள்'தான். அந்நியருக்குக் கொடுக்கிற மரியாதை.

என் வலது கண் போய்விட்டது. பில்லிங்ஸில் பதினொரு நாள் படுத்திருந்தேன். கடைசியில் டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார், அதிலேயே புரிந்துவிட்டது. மார்வா போட்டுக் கொடுத்த கோடுகளின் மேல் இதை நானே எழுதுகிறேன். வருகிற கடிதங்களை அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள். ஆகவே நீங்கள் எழுதுவதை உங்கள் தம்பி பெண்டாட்டியும் கேட்பாள் என்று நினைத்து எழுதுங்கள்.

எல்க் மான் வேட்டை தொடங்கி மூன்றாம் நாள். ஜூடித் மலைச் சரிவு. கையில் நீங்கள் மூன்று வருடத்துக்கு முன் குழல் பூட்டி, தோட்டா அறை வெட்டிக் கொடுத்த துப்பாக்கி. விசையை அழுத்தினேன். தோட்டாவின் பித்தளைக் கூடு அடிப்பக்கத்தில் பிய்ந்துகொண்டு, கொதிக்கிற புகை பின்னால் பீறி முகத்தில் அடித்தது. மான் அசையவில்லையாம். நான் பனியில் உருளுவதை நின்று பார்த்துவிட்டு நடந்து போனதாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, திரும்ப மருந்து அடைக்கலாம் என்று காப்பி டப்பாவில் போட்டு வைத்திருந்த வெடித்த கூடுகளை அளந்தேன். மார்வா வெர்னியர் அளவுகோலின் எண்ணைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கூட்டின் வயிற்றிலும் மார்க்கரால் எழுதினேன். வெடித்த கூடு உப்பி, அறையின் அளவையே தன் அளவாக எடுத்துக்கொண்டு வெளியே வரும். ஒரே துப்பாக்கியில் வெடித்தவை என்றால் அடியிலிருந்து தோள்வரை எல்லாம் ஒரே நீளம் இருக்க வேண்டும். அப்பா நம் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. இங்கே என்ன இருக்கிறது தெரியுமா? இரண்டு அங்குலத்துக்கு மேல், ஆயிரத்தில் ஐம்பத்தொன்று. அடுத்தது அறுபத்திரண்டு. அடுத்தது ஐம்பத்துமூன்று. பிறகு அறுபது, ஐம்பத்தைந்து, அறுபத்துநாலு! ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. பூட்டுகிற இடம் ஆடுகிறது, அறை கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. வேறென்ன அர்த்தம்?

ஸ்பிரிங் கூலி ரைபிள் கிளப்பின் முப்பத்தேழு உறுப்பினர்களுக்கும் எழுதிவிட்டேன். உன் வாடிக்கைக்காரர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எழுதினேன். என் கண் போன மாதிரி உன் பட்டறை போக வேண்டும். உன் வாசல் பலகையை நீயே ஏணி போட்டுக் கழற்றுவாய், அந்தப் படத்தை யாராவது எனக்கு அனுப்பி வைப்பார்கள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குவேன்.

லைல் ஸ்கார்


சால்மன், ஐடஹோ
28 நவம்பர் 1988

லைல்,

இரண்டு பக்கத்துக்குக்கூட உன் 'நீங்கள்' தாங்கவில்லை, பார்த்தாயா?

உன் கண்ணுக்காக அழுதேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, கடைசல் இயந்திரத்தின் மேல் தலையை வைத்து அழுதேன். உன் அளவுகளை வாசித்ததும் அழுகை நின்றுவிட்டது.

வெடித்த கூட்டின் அடியில் இருக்கிற கேப்பை, மருந்துக்கு நெருப்பு வைக்கிற அந்தச் சின்ன மூடியை, தட்டி எடுத்த பிறகு அளந்தாயா? அடிபட்ட கேப்பு மயிரளவு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதோடு சேர்த்து அளந்தால் ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு பொய் சொல்லும். பதினாலு வயதில் இதே தப்பைச் செய்து அப்பாவிடம் தலையில் குட்டு வாங்கினவன் நீ. ஐம்பதை நெருங்குகிறாய், இன்னும் அதே தப்பு. அதை வைத்துக்கொண்டு என்னை ஊருக்கு ஊர் நாறடிக்கிறாய்.

நான் வெட்டிய அறை எதுவானாலும் அதன் அளவு என் ஏட்டில் உண்டு. உன்னுடையது ஐம்பது. ஐம்பதுதான். அந்தக் கூடுகளை எனக்கு அனுப்பு. குறைந்தது இருபது அனுப்பு.

இன்னொன்று. அப்பா சாகும்போது அவருடைய துப்பாக்கியை எனக்கு எழுதி வைத்தார். ஒரு வாரம் இரவல் என்று நீ வாங்கிப்போனாய். கிரேட் ஃபால்ஸில் மதுக்கடை வாசலில் வண்டியை உடைத்து எவனோ எடுத்துப்போய்விட்டான் என்று வந்து நின்றாய். "என்னை நாலு அடி அடிச்சிடு அக்கா, மனசாவது ஆறும்" என்று தேம்பினாய். பதினொரு வருடமாக ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா? போகட்டும், தம்பி கையில் துப்பாக்கி இல்லாமல் இருக்கக் கூடாது என்று நானே ஒன்று செய்தும் கொடுத்தேன். அதற்கு நீ செய்கிற கைமாறு இதுவா?

என் வாடிக்கைக்காரர் ஒருவர், ஹாமில்டன்காரர், நேற்று வந்து பாதி வேலையில் இருந்த துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதையும் எழுதி வைத்திருக்கிறேன், லைல். எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆர்டிஸ்


லூயிஸ்டவுன்
6 டிசம்பர் 1988

ஆர்டிஸ்,

இந்தா, கூடுகள். இருபது. என் கையெழுத்தில் எண் போட்டது. நீ தேய்த்தாலும் போகாத மார்க்கர்.

கேப்பை எடுக்க வேண்டுமாம்! இதைக் கிளப்பில் சொன்னேன், நாற்காலி ஆட ஆடச் சிரித்தார்கள். "அவ்ளோ பெரிய அறையை வெட்டிப்புட்டு, குண்டூசி முனை கேப்பு மேல பழிய போடுறாளா?" என்றான் கிளிஃபோர்ட் நெஸ். சமாளிப்புக்கும் ஒரு அளவு உண்டு.

சேதி கேட்டுக்கொள். உன் கையால் செய்த துப்பாக்கியை இனி எங்கள் மைதானத்தில் சுடக் கூடாது என்று கை தூக்கித் தீர்மானித்துவிட்டார்கள். ஜனவரி பதினாலு, சனிக்கிழமை மதியம் பொதுக்கூட்டம். உன் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து அடிக்கப் போகிறோம். நுழைவாசல் சுவரில், நிறுவியவர் ஹால்வர் ஸ்கார் என்று அப்பாவின் பெயர் இருக்கிறதே, அதற்கு நேர் கீழே நின்று இந்த இருபது எண்ணையும் நான் உரக்க வாசிக்கப் போகிறேன். வருகிறவர்களுக்கு மார்வா ஆப்பிள் பை பலகாரம் செய்கிறாள்.

அப்பா துப்பாக்கியை எதற்கு இழுக்கிறாய்? அது வேறு கதை. போன சாமானைப் பற்றிப் பேசி இருக்கிற குற்றத்தை மூடாதே.

லைல்


சால்மன்
14 டிசம்பர் 1988

லைல்,

பார்சல் வந்தது.

இருபதையும் முதலில் கேப்போடு அளந்தேன். உன் எண்கள் அப்படியே வந்தன. மார்வாவுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு கேப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன், அடியைத் துடைத்தேன், திரும்ப அளந்தேன். சிதறல் காணாமல் போய்விட்டது.

ஆனால் எல்லாம் ஒன்றாகவும் வரவில்லை. மேசையில் இரண்டு குவியல் இருக்கிறது. எட்டுக் கூடு, சரியாக ஐம்பது. என் ஏட்டில் இருக்கிற அதே ஐம்பது. மீதிப் பன்னிரண்டும் ஐம்பத்தொன்பது. அதற்குள் ஒன்றுக்கொன்று அரைப் புள்ளி வித்தியாசம் இல்லை. ஒரு துப்பாக்கிக்கு ஒரு அறைதான் உண்டு.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், ஒரே ஒரு தடவை. இந்தப் பன்னிரண்டும் எந்தத் துப்பாக்கியில் வெடித்தவை?

பதினாலாம் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. யோசித்துப் பதில் போடு. அவசரப்பட்டுப் போடாதே.

ஆர்டிஸ்


லூயிஸ்டவுன்
20 டிசம்பர் 1988

ஆர்டிஸ்,

யோசிக்க என்ன இருக்கிறது? மைதானத்தில் ஆயிரம் கூடு கிடக்கும். யாருடையதோ என் டப்பாவில் விழுந்திருக்கும். பக்கத்துப் பண்ணை வெர்ல் போன வருடம் ஒரு பை நிறையக் கொடுத்தான், அதிலிருந்து வந்திருக்கும். எனக்கு இருப்பது ஒரே துப்பாக்கி, நீ செய்த அந்த எமன். இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

ஒரு துப்பாக்கியின் கூட்டை இன்னொன்றோடு தெரிந்தே கலக்குகிறவன் நான் இல்லை. அது உனக்கே தெரியும். அப்பா வீட்டில் வளர்ந்தவன் யாரும் கலக்க மாட்டான்.

ஒன்பது புள்ளியாம். ஓர் அங்குலத்தை ஆயிரமாக வெட்டி அதில் ஒன்பது! சிகரெட் தாள் ஒன்பது சேர்த்து வைத்தால்கூட அதைவிடக் கனமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். முழுகப் போகிறவள் கையில் அகப்பட்டதைப் பிடிக்கிறாய் என்று விட்டுவிடுகிறேன்.

உன் பட்டறைக்கு வாரம் ஒருவர்கூட வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

லைல்

பி.கு. கேப்பை எடுத்த பிறகு வேறு எதையாவது பார்த்தாயா? சும்மாதான் கேட்கிறேன்.


சால்மன்
29 டிசம்பர் 1988

லைல்,

பார்த்தேன்.

மார்வா, இதை நீதான் வாசிப்பாய் என்று தெரியும். உட்கார்ந்துகொண்டு வாசி. நிறுத்தாமல் கடைசிவரை வாசி.

அப்பாவின் துப்பாக்கிக்கு அறை நீளம். போருக்குப் போய் வந்த பழைய துப்பாக்கி, ஒன்பது புள்ளி அதிகம். நான் தொழில் கற்றுக்கொண்டதும் "அப்பா, குடுங்க, ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுறேன்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "எனக்கும் அதுக்கும் ஒத்துப்போச்சு, நீ உன் வேலையப் பாரு" என்பார். அதனால்தான் வீட்டில் அந்தச் சட்டம். அவருடைய கூடு அவருடைய துப்பாக்கிக்கு மட்டும். அடையாளத்துக்கு அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு தோட்டாவின் கேப்பைச் சுற்றியும் ஒரு வளையம் போடுவார். சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிற்க வைத்து, மூக்குக் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவார். ஒன்றை மாற்றி வைத்தால் நமக்கு இரவுச் சாப்பாடு கிடையாது. உங்கள் மாவட்டத்தில் துப்பாக்கி தொட்டவன் எவனும் ஹால்வரின் சிவப்பு வளையத்தைத் தெரியாதவன் இல்லை.

பன்னிரண்டு கூட்டிலும் கேப்பைத் தட்டி எடுத்தேனே, அது உட்கார்ந்திருந்த குழியின் உள்சுவரில் சிவப்பு இருக்கிறது லைல். நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறது. வெளியே இருந்ததை நீ துடைத்துவிட்டாய். மார்வாவின் அலமாரியிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரை எடுத்துத்தான் துடைத்திருப்பாய். கேப்புக்கும் சுவருக்கும் நடுவில் கசிந்து இறங்கினது அங்கேயே தங்கிவிட்டது. குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற பழக்கம் உனக்கு என்றைக்கும் கிடையாது. அதற்கும் அப்பாவிடம் குட்டு வாங்கினவன்தான் நீ.

அவர் கடைசியாக ஒரு மானைச் சுட்டாரே, அந்தக் கூட்டை என்னிடம் கொடுத்தார். இருபத்தொரு வருடமாக ஜன்னலில் வைத்திருக்கிறேன். எடுத்து அளந்தேன். ஐம்பத்தொன்பது.

எவனும் எதையும் திருடவில்லை. கிரேட் ஃபால்ஸும் இல்லை, உடைந்த கண்ணாடியும் இல்லை. அப்பாவின் துப்பாக்கி உன்னிடம் இருக்கிறது. பதினொரு வருடமாக இருக்கிறது. என் மடியில் தலையை வைத்து அழுதாயே, அப்போதும் உன்னிடம்தான் இருந்தது.

இப்போது உன் கண்ணுக்கு வருகிறேன். மைதானத்தில் எவனாவது சிவப்பைப் பார்த்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று வளையத்தைத் துடைத்தாய். துடைத்த பிறகு எது யாருடைய கூடு என்று உனக்கே தெரியாமல் போயிற்று. எல்லாம் ஒரே டப்பாவுக்குள் போனது. அப்பாவின் துப்பாக்கியில் நீண்டு வந்த கூட்டை, அச்சில் அழுத்திக் குறுக்கி, மருந்து அடைத்து, என் துப்பாக்கிக்குள் போட்டாய். திரும்ப அதையே அவருடையதில் போட்டாய். நீட்டிக் குறுக்கி, நீட்டிக் குறுக்கி, பித்தளை எத்தனை தடவை தாங்கும்? காகிதம் குத்துகிற கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். பன்னிரண்டில் ஐந்து கூட்டுக்கு அடிக்கு மேலே சுவர் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. அன்றைக்கு மலையில் பிய்ந்தது அவற்றின் ஆறாவது. உன் கண்ணைப் பறித்தது நான் வெட்டிய அறை இல்லை. நீ துடைத்த சிவப்பு.

இதைக் கண்டுபிடித்த அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன். தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். என் பட்டறையில் ஒரு மாதமாக ஓர் ஆள் காலடி வைக்கவில்லை. முப்பது வருட வேலையை நீ முப்பத்தேழு தபால்தலையில் முடித்துவிட்டாய்.

பதினாலாம் தேதி நான் வருகிறேன். நீ சொன்ன அதே இடத்தில், அப்பாவின் பெயருக்கு நேர் கீழே, நீ நிற்பாய். இருபது எண்ணை வாசிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை வாசி, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை. துப்பாக்கியும் அந்த மேசையில் இருக்க வேண்டும். நீ வாசிக்காவிட்டால் நான் வாசிப்பேன், ஷெரிஃபையும் கூட அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைப்பேன்.

ஆர்டிஸ்


லூயிஸ்டவுன்
17 ஜனவரி 1989

அக்கா,

நீ வந்ததைப் பார்த்தேன். பின்வரிசை, கதவுப் பக்கம், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லாம் முடிந்ததும் முன்னால் நடந்து வந்தாய், துப்பாக்கியை எடுத்தாய், போய்விட்டாய். ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

உன் கடிதத்தை மார்வா 'மடியில் தலையை வைத்து அழுதாயே' என்கிற இடம்வரை வாசித்தாள். நிறுத்தினாள். "எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பம்பு அறைக் கூரைக்கு மேல், தார்ப்பாயில் சுற்றி வைத்திருந்தேன். அவளே ஏணி போட்டு ஏறி எடுத்தாள். கிளப்புக்கும் அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள், என்னைத் தொட விடவில்லை. திருட்டுப் போன சமயத்தில் உனக்கு ஆறுதல் கடிதம் எழுதினவள் அவள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு வைக்கிறாள், பேசுவதில்லை.

வாசித்தேன் அக்கா. ஒற்றைக் கண்ணால் எழுத்து ஆடிற்று. 'சிவப்பு' என்கிற இடம் வந்ததும் கிளிஃபோர்ட் நெஸ் எழுந்து, மேசையிலிருந்த ஆப்பிள் பைத் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஏன் எடுத்தாய் என்று நீ கேட்கவே இல்லை. நானாகச் சொல்கிறேன். ஊரில் எல்லாரும் என்னை ஹால்வரின் மகன் என்றார்கள். ஹால்வர் துப்பாக்கியை உனக்கு எழுதினார். "அவளுக்குக் கை நிதானம், உனக்கு வாய்தான் நிதானமில்லாம ஓடுது" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து என் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஆள் செத்த பிறகும் அவர்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அவருடைய துப்பாக்கியை வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துச் சுடுவேன். அவருக்குப் பிடிக்காத மாதிரி, அவருடைய கூட்டைக் கலந்து, வளையத்தைத் துடைத்துச் சுடுவேன். பயத்துக்காக மட்டும் துடைக்கவில்லை. அதையும் தெரிந்துகொள்.

மைதானத்துத் தடையை எடுத்துவிட்டார்கள். உன் பெயருக்குப் பதில் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

இதைக் கேட்க எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் இனி வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை. இருப்பது இடது கண். இடது தோளில் வைத்துச் சுடுகிற மாதிரி ஒரு துப்பாக்கி எனக்குச் செய்து கொடுப்பாயா? வேறு எவன் வெட்டிய அறையையும் நான் நம்ப மாட்டேன்.

லைல்


சால்மன்
2 பிப்ரவரி 1989

தம்பி,

செய்ய மாட்டேன்.

இன்றைக்கு இல்லை, வசந்தத்தில் இல்லை, நான் சாகும்வரை இல்லை. என் வேலையை நம்புகிறாய் என்று இப்போது சொல்கிறாய். நவம்பரில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கிளப்பிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்தது, பதினெட்டுக் கையெழுத்தோடு. அடுப்பில் போட்டேன். ஹாமில்டன்காரர் திரும்பி வந்தார். "இடமில்லை" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். பட்டறை முழுக்க இடம்தான் இருந்தது.

அன்றைக்கு உன்னைத் திட்டவில்லை என்று வருத்தப்படுகிறாய். திட்டினால் உனக்கு லேசாகிவிடும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவின் துப்பாக்கியைச் சனிக்கிழமை பிரித்தேன். குழலைக் கழற்றி, ஒரு மரை அளவு பின்னுக்குக் கடைந்து, அறையைப் புதிதாக வெட்டினேன். அவர் என்னைச் செய்ய விடாத வேலை, ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. இப்போது அதுவும் ஐம்பது. இனி அதனால் யார் கண்ணும் போகாது.

இத்தோடு அனுப்புவது உன் பன்னிரண்டு கூடுகள். மருந்துக் கடையில் அம்மா வாங்குகிற அதே சிவப்பு இன்னும் விற்கிறார்கள். அடியைச் சுற்றி வளையம் போட்டிருக்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் போடுகிற மாதிரியே. உன் மார்க்கர் எண்களை அழிக்கவில்லை. உன் பொய்யளவும் அவருடைய நிஜ அளவும் ஒரே கூட்டில் இருக்கட்டும்.

அப்பாவின் அந்த ஒன்பது புள்ளி இப்போது எந்தத் துப்பாக்கியிலும் இல்லை. என் ஜன்னலில் இருக்கிற ஒரு கூட்டிலும், உன்னிடம் வருகிற இந்தப் பன்னிரண்டிலும்தான் இருக்கிறது. இவை இனி எந்த அறைக்குள்ளும் போகாது. அச்சில் வைத்து அழுத்தினால் அதுவும் போய்விடும்.

அவருடைய சொத்தில் பங்கு வேண்டும் என்றுதானே இவ்வளவும்? எனக்கு ஒன்று, உனக்குப் பன்னிரண்டு. எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள்.

ஆர்டிஸ்